கைவிடப்பட்ட தடமும் கைகொடுத்த மக்களும்



பொதுநிலம் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கக் கண்டால் மனித உள்ளத்தில் இருவகை எண்ணங்கள் எழுகின்றன. நாமே வளைத்துக் கொண்டால் என்ன என்பது ஒன்று. அரசு வந்து கவனிக்கட்டும் என்பது மற்றொன்று. முன்னது பேராசை, பின்னது சோம்பல். இவ்விரண்டையும் விட்டு விலகிய மூன்றாவது வழியும் உண்டு. அமெரிக்க நாட்டின் பழைய இருப்புப்பாதை ஒன்று அதற்குச் சான்று பகர்கின்றது.

சிகாகோ மாநகரை வீட்டன், அரோரா, எல்ஜின் ஆகிய ஊர்களுடன் இணைத்த மின்சார ரயில் 1902 இல் ஓடத் தொடங்கிற்று. மோட்டார் வாகனங்களும் புதிய நெடுஞ்சாலையும் பெருகவே அதன் வருவாய் குன்றியது. 1957 ஜூலை 3 அன்று நண்பகலில் பயணிகள் ரயில்கள் திடீரென நிறுத்தப்பட்டன. காலையில் அதே ரயிலில் ஏறி வேலைக்குச் சென்றோர், மாலையில் வீடு திரும்ப வகையின்றித் தவித்தனர். 1959 இல் சரக்கு ரயில்களும் நின்றன. தடம் நெடுகிலும் புதர் மண்டிற்று.

1963 இல், மே தீல்கார்ட் வாட்ஸ் என்னும் இயற்கையியல் ஆசிரியை சிகாகோ டிரிபியூன் நாளேட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபது. பிரிட்டன் நாட்டில் பொதுமக்களுக்கென உள்ள நடைபாதைகளைக் கண்டு வந்தவர் அவர். இந்தத் தடத்தையும் மக்கள் நடந்து செல்லும் பாதையாக்க வேண்டும். தாமதித்தால் மண்வாரி எந்திரங்கள் முந்திக்கொள்ளும் என எச்சரித்தார்.

கடிதம் எழுதியதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. தோழியரும் அண்டை அயலாரும் ஒன்று கூடினர். 1965 இல் இலாப நோக்கற்ற அமைப்பொன்றை நிறுவினர். டூபேஜ் மாவட்ட நிர்வாகத்திடம் தடத்தைக் குத்தகைக்குப் பெற்றனர். கூலி வாங்காத கரங்கள் புதர் வெட்டின, குப்பை அகற்றின, மரக்கன்று நட்டன. 1971 இல் கூட்டாட்சி அரசு அதனைத் தேசியப் பொழுதுபோக்குப் பாதையாக ஏற்றது. இல்லினாய் புல்வெளிப் பாதை எனும் பெயரில் இன்று ஏறத்தாழ 60 மைல் நீண்டு கிடக்கும் அதில் முதியோர் நடக்கின்றனர். சிறுவர் மிதிவண்டி ஓட்டுகின்றனர். பராமரிப்பின் பெரும்பங்கைப் பின்னாளில் அரசு அமைப்புகளே ஏற்றன. எனினும் தொண்டர்கள் தம் கையை விலக்கிக் கொள்ளவில்லை.

சிந்தித்துப் பாருங்கள்! தொடக்க விழாவுக்குக் கூட்டம் சேர்ப்பது எளிது. ஆனால் புல் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். குப்பை ஒவ்வொரு நாளும் சேரும். மாலையும் மேடையும் இல்லாத அந்த இரண்டாம் ஆண்டில், பத்தாம் ஆண்டில், அரிவாளை எடுத்துக்கொண்டு வருபவர் யார்? பொதுப்பணியின் உண்மையான சோதனை அதுவேயாகும்.

வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளையே என அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்தார்கள். பாதையைப் பேணுவது சிறு செயலன்று என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டுமா? எழுபது வயது மூதாட்டி ஒருவர் தமக்குச் சொந்தமில்லாத நிலத்துக்காக எழுந்து நின்றார். நம் வீட்டு வாயிலிலிருந்து பள்ளிவாசல் வரை செல்லும் தெருவுக்காக நாம் என்ன செய்தோம்? இந்த வினாவை இன்று நம் இல்லத்தாருடன் அமர்ந்து கேட்டுக்கொள்வோமாக!