இரவு இரண்டு மணிக்கு எந்தக் கதவைத் தட்டுவது? – குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் உள்துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், மனநோயோடும் குடியோடும் போதையோடும் போராடுகிறவர்களின் பெற்றோர், மனைவியர், உடன்பிறந்தோர், சிகிச்சை பெற்று மீண்டு வந்தவர்கள் ஆகிய நாங்கள் முன்வைப்பது:

புதிதாக ஒரு சட்டம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரையும், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாகிவிடக்கூடிய மனநோயாளியையும் காவல் நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது அதன் 100வது பிரிவு. எந்த நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் இதே சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை இன்றுவரை யாரும் போட்டுத் தரவில்லை.

எங்கள் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறோம். நான்கு நாளாகத் தூங்காத மகன், பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்குள் ஒயர் வைத்திருக்கிறார்கள் என்று கத்திக்கொண்டு அரிவாள்மணையைத் தூக்குகிறான். தாய் 100க்கு அழைக்கிறாள். ரோந்துக் காவலர்கள் இருவர் வருகிறார்கள். “நாங்க என்னம்மா பண்றது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்கிறார்கள். 108இல் வந்தவர்கள், போலீஸ் கூட ஏறினால்தான் ஏற்றுவோம் என்கிறார்கள். ஜி.எச். கேஷுவால்டியில், “மனநல டாக்டர் காலைல ஓ.பி.க்குத்தான் வருவார், போலீஸ் மெமோ இருக்கா?” என்று கேட்கிறார்கள். மெமோவுக்கு ஓடினால், “கேஸே இல்லாம எப்படிம்மா மெமோ தர்றது?” என்கிறார் ரைட்டர். விடியும்வரை அந்தத் தாய் ஆட்டோவில் அலைகிறாள். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை.

எனவே முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையானது: ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், காவல்துறை அழைத்து வருகிறவரை எந்த நேரத்திலும் பெற்றுக்கொள்ளும் ஓர் அறையும் படுக்கைகளும் வேண்டும். மெமோ இல்லை, ஆதார் இல்லை, கூட ஆள் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. ஒரு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரை மணி நேரத்தில் காவலர் தன் பணிக்குத் திரும்ப முடிய வேண்டும். மனநல மருத்துவர் இல்லை என்பது காரணமாகாது. உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை தரலாம் என்று 94வது பிரிவு இடம் தருகிறது. இரவுப் பணி மருத்துவருக்குத் தொலைபேசியில் வழிகாட்ட ஒரு மனநல மருத்துவர் முறை வைத்து இருந்தால் போதும். எல்லாரையும் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு எழுதி அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தூரத்தைக் கை கட்டப்பட்ட ஒருவரோடு கடப்பது எப்படி இருக்கும் என்பது கடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த அறைக்கு அழைத்து வருகிறவர்களும் பழகியவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு உட்கோட்டத்திலும் பயிற்சி பெற்ற காவலர்கள், ஒரு பெண் காவலர், ஒரு மனநலச் செவிலியர் அல்லது சமூகப் பணியாளர் கொண்ட குழு வேண்டும். லத்தியை வண்டியிலேயே வைத்துவிட்டு, ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசுவது கற்றுக்கொள்ளக்கூடிய கலைதான். காவலருக்கு இந்தப் பயிற்சியை அவ்வப்போது தருவது அரசின் கடமை என்று 30வது பிரிவு சொல்கிறது. பயிற்சி தருகிறவர்களில் நோயிலிருந்து மீண்டவர்களும் இருக்கட்டும். இரவு பகல் பாராமல் பணியில் நிற்கும் காவலர்களுக்கும் மனச்சோர்வு வரும், குடிப்பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வேலை போய்விடுமோ என்று பயப்படாமல் அவர்கள் சிகிச்சை பெறவும் இதே அறை திறந்திருக்க வேண்டும். 100, 108, மனநல உதவி எண்ணான 14416 மூன்றுக்கும் இடையே அழைப்பை மாற்றிக்கொடுக்கும் வசதியும் தேவை.

அடுத்தது, லாக்கப்பிலும் கிளைச்சிறையிலும் போகும் உயிர்கள். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று சாராயம் நின்றால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கும், உடல் வியர்க்கும், இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவார், எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். சண்டை வழக்கில் பிடிபட்டவர் ரிமாண்டில் இருக்கும் நாட்களும் அவைதான். அப்போது அவரைப் பார்த்து “நடிக்கிறான்” என்கிறார்கள். டயசிபாம் போன்ற மருந்தும் தயமின் ஊசியும் நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது. கைதானவரின் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள்: தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார். பதிலை மருத்துவர் எழுத வேண்டும், ரிமாண்ட் செய்யும் நடுவர் பார்க்க வேண்டும். பழக்கம் உள்ளவரை முதல் நான்கு நாளும் மருத்துவக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்களின் தாய்மார்களும் எங்களில் உண்டு. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985இன் 64ஏ பிரிவு, சிறிய அளவோடு பிடிபட்ட அடிமைநோயாளி தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு என்கிறது. பிடிபடும் பையனிடமும் அவன் வீட்டாரிடமும் இதை விசாரணை அதிகாரி எழுத்தில் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைப் பதிவேடு போலீஸ் பட்டியலாக மாறக் கூடாது. மாறினால் ஒருவரும் வர மாட்டார்கள். விற்கிறவர்கள் மீது எவ்வளவு கடுமை காட்டினாலும் நாங்கள் உங்களோடு நிற்போம், தெரிந்த தகவலையும் தருவோம். அதற்காக எங்கள் பிள்ளையைச் சாட்சியாக்காதீர்கள்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவர் மீது வழக்கு கூடாது என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவும் இல்லை. ஆனாலும் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் “தெரியாம குடிச்சிட்டா” என்று இன்றும் டாக்டரிடம் பொய் சொல்கிறோம். விசாரணை சிகிச்சைக்குப் பிறகு, சீருடை இல்லாமல் நடக்கட்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். இறந்தவர்கள் 28 பேர். சங்கிலியால் கட்டுவதை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95வது பிரிவு அறவே தடை செய்கிறது. வேறு வழி தெரியாத குடும்பங்களிடம் பணம் வாங்கி, ஆளை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் “மறுவாழ்வு இல்லங்கள்” இன்னும் நடக்கின்றன. மாவட்ட மனநல மருத்துவரும் காவல் ஆய்வாளரும் சேர்ந்து, முன்னறிவிப்பின்றி இவற்றைச் சோதிக்க வேண்டும். பதிவு இல்லாதவற்றை மூடும் அன்றே, உள்ளே இருந்தவர்களுக்கு அரசுப் படுக்கை தயாராக இருக்க வேண்டும்.

தெருவில் பிடிக்கும் மனநோயாளியையும் குடிபோதையில் கிடப்பவரையும் வீடியோ எடுத்துப் பரப்புவது உடனே நிற்க வேண்டும். வீடற்ற மனநோயாளி ஒருவரை மீட்டால், அதே சட்டம் சொல்கிறபடி காணாமற்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து அவர் குடும்பத்தைத் தேட வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2003 முதல் இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையாக விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம். காவல்துறையும் மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் தலைமைச் செயலகத்தில் ஒரே துறையின் கீழ்தான் இருக்கின்றன. மது விற்பனை வருவாயில் ஒரு நிலையான பங்கை, மாவட்டந்தோறும் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவுகளுக்கென்று வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள்.

இவை நடக்க, இரண்டு துறைச் செயலர்களும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே அரசாணை வேண்டும். அது தமிழில், ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் கேஷுவால்டி வாசலிலும் ஒட்டப்பட வேண்டும். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், நலப்பணிகள் இணை இயக்குநர், மீண்டு வந்தவர்கள், குடும்பத்தினர் கொண்ட குழு மாதம் ஒருமுறை கூடட்டும். எத்தனை பேர் அழைத்து வரப்பட்டார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், யார், என்ன காரணம் சொல்லி அனுப்பினார் என்ற கணக்கை, நோயாளிகளின் பெயர் இல்லாமல், ஆட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையில் மாதந்தோறும் வெளியிடட்டும்.