குரூப் போட்டோவை ஏன் நிறுத்துகிறீர்கள்?

பள்ளி முடிக்கும் பிள்ளைக்குத் தனியாக ஒரு நல்ல படம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் "இந்தக் கிழவருக்கு எதுவுமே பிடிக்காது" என்று பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். தனிப்படத்தைக் காட்டி வகுப்பின் குரூப் போட்டோவை நிறுத்துகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். இந்த ஆண்டு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் குரூப் போட்டோ கிடையாது என்று பெற்றோருக்குத் தாள் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பதில் "பர்சனல் போர்ட்ரெய்ட்" என்று ஒன்று. ஸ்டூடியோக்காரர் பள்ளிக்கே வருவார். இரண்டு உடை, பத்துப் படம், ஓர் ஆல்பம், 3,500 ரூபாய். கோட்டை அகழி ஓரத்திலோ ஏலகிரியிலோ எடுக்க வேண்டுமானால் தனிக் கட்டணம். கடைசி வரியில் "விருப்பமுள்ளவர்கள் மட்டும்". முப்பத்தைந்து ஆண்டு அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கை தட்டச்சு செய்தவன் நான். இந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? பணமில்லாதவன் ஒதுங்கிக்கொள், ஆனால் நாங்கள் ஒதுக்கியதாகச் சொல்லாதே என்று அர்த்தம்.

என் பேத்தி அந்தப் பள்ளியில்தான் பத்தாவது படிக்கிறாள். அவள் பெஞ்சில் மூன்று பெண்கள். ஒருத்தியின் அப்பா தோல் ஏற்றுமதி செய்கிறவர். இன்னொருத்தியின் அம்மா ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். விடிவதற்கு முன் கம்பெனி பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு. குரூப் போட்டோ என்றால் இந்த மூன்று பேரும் ஒரே பலகைக்குப் பின்னால் ஒரே சீருடையில் நிற்பார்கள். இந்தப் புதுத் திட்டத்தில் முதல் பெண்ணுக்கு ஏலகிரி, என் பேத்திக்குப் பள்ளித் தோட்டம், மூன்றாவது பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பத்து வருடம் படித்த பள்ளியில் அவள் இருந்தாள் என்பதற்கு ஒரு படம்கூட மிஞ்சாது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடந்தது. அந்த இடைக்காலத்துப் பிள்ளைகள் நாங்கள். வருடம் ஒரு முறை "போட்டோ த கிளாஸ்" உண்டு. படக்காரர் மூன்று கால் வைத்த மரப்பெட்டியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். மூச்சு விடாமல் நிற்போம். பெரிய வீட்டுப் பையனுக்குக் காலில் சப்பாத்து, எனக்கு வெறுங்கால். ஆனால் நான் குள்ளம் என்பதால் முன்வரிசை, அவன் நெட்டை என்பதால் பின்வரிசை. உயரம் பார்த்து நிறுத்தினார்களே தவிர, அப்பன் சம்பளம் பார்த்து நிறுத்தவில்லை.

வேலூருக்கு வந்த பிறகும் அதே முறையைத்தான் பார்த்தேன். நடுவில் தலைமை ஆசிரியர், ஓரத்தில் பியூன், தரையில் சம்மணமிட்டுச் சின்னப் பையன்கள், பின்னால் பெஞ்சு மேல் ஒரு வரிசை. படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, கீழே பெயர்களை அச்சடித்துக் கொடுப்பார்கள்: "அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம்", "நிற்போர், முதல் வரிசை". எனக்கு அந்த அட்டையில் முகங்களைவிட அந்தப் பெயர்கள்தான் முக்கியம். அது ஒரு பதிவேடு. முதலாளி மகன் பெயரும் தோல் ஷாப்பில் தோல் சுமந்தவர் மகன் பெயரும் ஒரே எழுத்தளவில் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் பிள்ளையின் படம் என்று இருந்ததே இந்த ஒன்றுதான். சின்ன வயதில் பையன் போய்விட்டால், அந்தத் தாய் குரூப் போட்டோவை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வருவாள். மூன்றாம் வரிசையில் ஒரு தலையைத் தொட்டுக் காட்டி, "இவனை மட்டும் பெரிசாக்கிக் கொடு தம்பி" என்பாள். கண்ணுக்கும் மூக்குக்கும் பென்சிலால் டச்சப் செய்து, பக்கத்துப் பையனின் தோளை அழித்து, மாலை போட ஒரு படம் தயார் செய்து தருவார்கள். மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் எத்தனையோ சுவர்களில் அப்படிப்பட்ட படங்களைப் பார்த்திருக்கிறேன். இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, உண்மைதான். போன் தண்ணீரில் விழுந்தால் அந்தப் படங்கள் எங்கே?

எதிர்த்தரப்பையும் கேட்டேன். குரூப் போட்டோவில் முகம் கடுகளவு, கறுத்த பிள்ளைகள் முகமே தெரியாது, கூச்சமுள்ள பெண் அடுத்தவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள் என்கிறார்கள். நியாயம்தான். பதினைந்து வயதில் முகப்பரு வந்தவனுக்குப் பொறுமையாக, நல்ல வெளிச்சத்தில் ஒருவர் படம் எடுத்து, "இதுவும் நீதான்" என்று காட்டினால் அவன் நிமிர்ந்து நடப்பான். ஸ்டூடியோக்காரரும் பிழைக்க வேண்டும். செல்போன் வந்து அவர் தொழிலில் பாதியைத் தின்றுவிட்டது. எடுக்கட்டும். தாராளமாக எடுக்கட்டும். கடையில் எடுக்கட்டும், பள்ளி மணி அடித்த பிறகு.

அமெரிக்காவில் இப்படித்தான் என்று தாளில் எழுதியிருக்கிறார்கள். பாதியைத்தான் எழுதியிருக்கிறார்கள். அங்கே கடைசி வருடப் பிள்ளைகளுக்கு "சீனியர் போர்ட்ரெய்ட்" எடுப்பது உண்மை. ஆனால் அதோடு பள்ளியின் ஆண்டு மலர் என்று ஒன்று இருக்கிறது. அதில் வகுப்பு முழுவதும் அகர வரிசையில் வரும். பேக்கேஜ் வாங்காத பிள்ளைக்கும் பெரும்பாலும் அதில் இடமுண்டு. இவர்கள் விலைப்பட்டியலை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள், மலரை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பிரான்சில் கல்வி அமைச்சு 2003 ஜூனில் ஒரு சுற்றறிக்கை போட்டது. (சுற்றறிக்கை படிப்பது எனக்கு இன்னும் விடாத பழக்கம்.) பள்ளிக்குள் படம் எடுக்கலாம், ஆனால் வகுப்புச் சூழலில்தான், கூட்டாகவும் எடுக்கலாம், தனியாகவும் எடுக்கலாம், அடையாள அட்டைக்கு எடுப்பது போன்ற முகப்படத்துக்குப் பள்ளி இடமல்ல என்று அது சொல்கிறது. அது கடைத்தெரு வேலை. ஒரு குமாஸ்தா மனசுக்கு எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. எடுத்த படம் யாருடையது? நம் ஊரில் மஞ்சள் நீராட்டு விழாவுக்கே டிரோன் பறக்கிறது. பன்னிரண்டு வயதுப் பெண்ணைச் சினிமா நாயகி போல நிற்கவைத்து, பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். அவளை யாராவது கேட்டார்களா? இப்போது பள்ளிப் படமும் அதே வழியில் போகிறது. தாளின் பின்பக்கம் பொடி எழுத்தில், படங்களை ஸ்டூடியோ தன் இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றிருக்கிறது. கையெழுத்து பெற்றோருடையது. பிள்ளைக்கு அதில் ஒரு கோடுகூட இல்லை.

நம் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதத்தைத்தான் கேட்கிறது. பெற்றோரே ஆசைப்பட்டுப் போட்டால் பிள்ளை எங்கே போய் முறையிடும்? பிரான்சில் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் போட்டார்கள். பிள்ளையின் உருவப்பட உரிமையைத் தாயும் தகப்பனும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் பிள்ளையையும் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. அந்தக் கலந்துகொள்வதற்குச் சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா என்ன? சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் என் பேத்தியைக் கேட்டேன். "எனக்குத் தனிப்படம் வேணும் தாத்தா, ஆனா இன்ஸ்டால வேணாம். குரூப் போட்டோவும் வேணும், அவளும் வரணும்" என்றாள். மனுவை இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்கு வராது.

அதைத்தான் பள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: குரூப் போட்டோ கட்டாயம் வேண்டும், செலவு பள்ளியுடையது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரதி. தனிப்படம் பள்ளிக்கு வெளியே, அவரவர் விருப்பம். இன்ஸ்டாகிராம் வரியை அடித்துவிட வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரிந்தாலும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் படிக்கிறார்கள். உங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளியிலும் இப்படித் தாள் வந்தால் நீங்களும் எழுதுங்கள், இரண்டு பிரதி எடுத்து.

வீட்டில் பழைய குரூப் போட்டோ இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். பெயர் அச்சடிக்காத அட்டையானால் பின்புறம் மெல்லிய பென்சிலால் வரிசைப்படி எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். என்னிடம் உள்ளதில் இரண்டாம் வரிசை, இடமிருந்து ஐந்தாவது பையனின் பெயர் மட்டும் வரவில்லை. வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு தழும்பு இருக்கும். புதுச்சேரியில் என்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்.