எளிதான பாதை, எந்த நாளில்?

அலுவலக நண்பர்கள் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். காட்டுக்குள் ஓர் அருவி. காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். குழந்தைகளும் நடக்கும்படி எளிதான பாதையாக இருக்க வேண்டும். நான் தென்காசிப் பக்கத்துக்காரன் என்பதால் இது அரை மணி நேர வேலை என்று அவர்கள் எண்ணினார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். பாதையைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம்தான் ஆயிற்று. நாளைத் தேர்ந்தெடுக்கத்தான் ஒரு வாரம் பிடித்தது.

முன்பு இத்தகைய பயணத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது என்பதே தெளிவாக இருந்ததில்லை. தெரிந்தவர் மூலம் தெரிந்தவரைப் பிடித்துக் காட்டுக்குள் நுழைவதுதான் வழக்கம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில், மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து, 23 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகே மலையேற்றத்துக்கென விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில், 14 மாவட்டங்களில் 40 பாதைகளுக்கு இணையவழியில் முன்பதிவு செய்யும் திட்டத்தை அரசு தொடங்கியது. எளிது, மிதமானது, கடினம் என்று பாதைகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. மலைவாழ் மக்களும் உள்ளூர் இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகின்றனர். வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

ஆனால், எளிது என்ற சொல்லை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதில்தான் எனக்குத் தயக்கம். நடக்கும் தூரம், ஏற்றம், ஆகும் நேரம் ஆகியவையே பொதுவான அளவுகோல்கள். மலை உச்சிக்குச் செல்லும் பாதைக்கு இவை பெரும்பாலும் போதும். அருவிக்குச் செல்லும் பாதைக்குப் போதா. அங்கே ஆபத்து நடையில் இல்லை. நடந்து முடித்து, பையை இறக்கிவைத்து, காலை நீரில் நனைத்து உட்காரும் இடத்தில் இருக்கிறது. அந்த ஆபத்து பிறக்கும் இடமோ நமக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத மலைச்சரிவில்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அங்கே மலையேற்றமே கிடையாது. அருவிக்கு அருகிலேயே வாகனத்தில் போய் இறங்கலாம். அதைவிட எளிதான அருவிப் பயணம் இருக்க முடியாது. சாரல் காலம்கூட இன்னும் தொடங்கவில்லை. கோடை மழையால் அருவியில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி கேட்டுக் கூட்டம் வந்திருந்தது. பிற்பகலில் திடீரென வெள்ளம் வந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். படிக்கட்டுகளில் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய காணொளியைப் பலரும் பார்த்திருப்போம்.

ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் தண்ணீர். செங்குத்தான பாறைச் சரிவுகளில் அந்த நீர் தங்குவதற்கு இடமில்லை. ஒரு மணி நேரத்துக்குள், சில இடங்களில் அதற்கும் முன்பே, ஓடையில் சேர்ந்து அருவியாக வந்து விழுந்துவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு என்று வரும் வானிலை எச்சரிக்கை, ஒரே ஒரு மலைச்சரிவில் கொட்டித் தீர்க்கும் இடிமழையைத் தனியே பிரித்துக் காட்டாது.

சிறு வயதில் அப்பாவோடு செண்பகாதேவி அருவிக்கு நடந்து போயிருக்கிறேன். பேரருவிக்கு மேலே, காட்டுக்குள் இருக்கிறது அது. ஒருமுறை பாதி வழியில் எதிரே இறங்கி வந்த பெரியவர் ஒருவர், "தண்ணி கலங்குது, சருகு கூடுதலா வருது, திரும்பிருங்க" என்றார். வானம் வெளுத்துத்தான் இருந்தது. அப்பா மறுபேச்சில்லாமல் திரும்பினார். நான் அழுதுகொண்டே பின்னால் வந்தேன். அன்று வெள்ளம் வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. நீரின் நிறம் மாறுவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது ஆகியவற்றைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் சொன்னார், கேட்டோம், அவ்வளவுதான்.

இன்று அந்தப் பெரியவரின் இடத்தில் இருப்பவர் வழிகாட்டி. முன்கூட்டியே பணம் கட்டி, விடுப்பு எடுத்து, நூறு கிலோமீட்டர் பயணம் செய்து வந்த இருபது பேரிடம் "திரும்புங்கள்" என்று சொல்ல அவருக்கு அதிகாரமும் துணிவும் வேண்டும். நடை ரத்தான நாளிலும் அவருக்கு முழுக் கூலி, வந்தவர்களுக்கு முழுத்தொகை அல்லது மாற்று நாள் என்பது எழுதப்பட்ட விதியாக இருந்தால் அந்தத் துணிவு தானே வரும். அத்துடன், எளிது என்று வகைப்படுத்தப்படும் ஒவ்வோர் அருவிப் பாதைக்கும் மேலே, நீர்ப்பிடிப்புப் பகுதியில், தானியங்கி மழைமானி ஒன்று இருக்க வேண்டும். அதன் அளவு நுழைவாயிலில் உள்ளவருக்கும் வழிகாட்டிக்கும் அந்த நிமிடமே தெரிய வேண்டும். அலைபேசி எட்டாத காட்டுக்கு ஒலிபெருக்கியோ சங்கோ போதும்.

இதைச் செய்யாமல் நாம் செய்வது தடை விதிப்பது. 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் புஷி அணைக்கு அருகே அருவியில் ஒரே குடும்பத்தினர் ஐவர் அடித்துச் செல்லப்பட்டதும் மகாராஷ்டிரத்திலும் தடையுத்தரவுகள்தான் வந்தன. தடை நிர்வாகத்துக்கு எளிது; செலவும் இல்லை. தடை நீங்கிய மறுநாள் வருபவருக்கு அதனால் எந்தத் தகவலும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

சரி, நண்பர்களுக்கு எந்த நாளைச் சொல்வது? ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம்; தண்ணீரும் கூட்டமும் உச்சத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். பிப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை தீக்காலம். 2025-இல் அப்போது மலையேற்றப் பாதைகள் மூடப்பட்டன. அதன் பின் கோடை இடிமழை. பொங்கலுக்கும் பிப்ரவரி நடுப்பகுதிக்கும் இடையே ஏறக்குறைய நான்கு வாரங்கள் எஞ்சுகின்றன.

அதில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து அனுப்பினேன். காலை ஏழு மணிக்கு நடை தொடக்கம், எங்கே இருந்தாலும் பதினொன்றரைக்குத் திரும்புதல், முந்தைய நாள் மலையில் மழை பெய்திருந்தால் ரத்து என்று நிபந்தனைகளையும் சேர்த்தேன். உடனே ஒரு நண்பர் கேட்டார்: "அப்போது அருவியில் தண்ணீர் இருக்குமா?"

கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று பதில் எழுதினேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.