பிறந்த வருஷத்தைப் பார்த்து மார்க் போடலாமா?



ஒத்தக்கடை வீட்டுக் கொட்டகையில் நான் பிரித்துப் போட்டிருக்கும் 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டின் படத்தைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் "சார், பேசாம எடைக்குப் போட்ருங்க" என்று எழுதியிருந்தீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிக்கவும்.

ஹெரால்டு நம் சென்னையில் செய்த வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இங்கே தயாரித்தது. அங்கே இல்லாத நான்கு கதவு மாடலை இந்தியாவுக்கென்றே உருவாக்கியது. 948 சிசி இன்ஜின். அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி. பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் சட்டமும் கூடும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. ஹெரால்டில் பெரும்பாலான பாகங்களை போல்ட் கழற்றி எடுத்துவிடலாம். பென்ஷன் வாங்கும் வாத்தியாரும் ஒரு டிங்கரும் சேர்ந்தால் முடிகிற வேலை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2021 மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய, மூல வடிவம் மாறாத சொந்த வண்டி 'விண்டேஜ்'. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். சரி, மரியாதைதான். ஆனால் அந்த 50-ஐ எட்டுவது எப்படி? 15 வயதில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பின் 5 வருஷத்துக்கு ஒருமுறை. 45 வயதுக்குள் ஏழு தடவை. காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். தாத்தாவுக்குப் பொன்னாடை, நடுவயதுக்காரருக்கு அபராதம்! முதல் மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். அது விண்டேஜ் ஆக 2033 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் எத்தனை வண்டி இரும்புக்கடைக்குப் போயிருக்கும்?

"புகை வருமே சார்" என்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய கார்பரேட்டர் வண்டி இன்றைய வண்டியைவிட அதிகம் புகைவிடும், மறுக்கவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலூர் ரோட்டில் போய்வரும் வண்டியும் தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியும் ஒன்றா? புகையை அளக்க மிஷின் இருக்கிறது. பிரேக்கைச் சோதிக்க எஃப்.சி. இருக்கிறது. அதில் தேறாத வண்டியை நிறுத்துங்கள். முதல் ஆளாகக் கைதட்டுவேன். தேறிய வண்டியிடம் வயதைச் சொல்லி ஏன் கூடுதல் பணம்? விடைத்தாளைத் திருத்தாமல் பிறந்த தேதியைப் பார்த்து மார்க் போட்டால் என்னை வாத்தியார் என்று சொல்லியிருப்பீர்களா?

நான் கேட்பது இலவசம் அல்ல. 25 வயது தாண்டிய, குறைவாக ஓடும் சொந்த வண்டிக்குத் தனிப் பிரிவு வேண்டும். வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வையுங்கள், கறாராகச் சோதியுங்கள், கட்டணத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். வண்டி பிழைத்தால்தான் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளும் பிழைக்கும். கார்பரேட்டரைச் சுத்தம் செய்து டியூன் பண்ணத் தெரிந்த மெக்கானிக்கை இன்றைக்கே தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். இதை எங்கே, எப்படி மனுவாகக் கொடுக்கலாம் என்று எழுதுங்கள். வீட்டில் அப்பா காலத்து வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஆர்.சி. புத்தகத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதி ஆனபிறகு என்னிடம் ஓடி வராதீர்கள்.