தோல் எவ்வளவு தாங்கும்?

புலன்களை விரிக்கும் அணிகருவியில் உடலுக்கு எட்டாததை உணரி பிடிக்கிறது, சில்லு அதைச் சுருக்குகிறது, வேறொரு புலன் அதை வாங்கிக்கொள்கிறது. உணரியும் சில்லும் மலிந்துவிட்டன. வடிவமைப்பாளர் தடுமாறுவது வாங்கிக்கொள்ளும் புலனிடத்தில்தான்.

விரல்நுனி 2, 3 மி.மீ. இடைவெளியிலுள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். முதுகுக்கு ஏறத்தாழ 40 மி.மீ. வேண்டும். விடாமல் அதிர்ந்தால் தோல் மரத்துவிடும். 1969இல் ஆய்வாளர் பால் பாக்-ஈ-ரீட்டா நாற்காலி முதுகில் 400 அதிர்வு முனைகளைப் பதித்து, கேமராப் படத்தைப் பார்வையற்றோர் முதுகால் உணர வைத்தார். பெரிய சாதனை, ஆனால் அந்த நாற்காலி தெருவுக்கு வரவில்லை. வந்தது, ஐ.ஐ.டி. டெல்லி உருவாக்கி, சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்க, 2014இல் வெளியான ஸ்மார்ட்கேன் என்ற கைத்தடிக் கருவி. வெள்ளைக்கோல் தட்டி அறிய முடியாத, முழங்காலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையையோ லாரிப் பலகையையோ மீயொலியால் 3 மீட்டர் வரை தேடிக் கைப்பிடியில் அதிர்வாகத் தருகிறது. காதை அது தொடுவதில்லை. பார்வையற்றவர் சாலையைக் கடப்பது காதை நம்பித்தானே. கையில் பிடிப்பதை அணிகருவி என்பதா என்று கேட்போர் கேட்கட்டும், வேலையில் இருக்கும் புலனைத் தொடாதே என்ற பாடம் அதில்தான் இருக்கிறது.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களுக்கும் அந்தப் பாடம் பொருந்தும். வெயில் ஏறுமுன் மரத்தினுள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஒழுகுவதால், பால்வெட்டு இருட்டிலேயே தொடங்குகிறது. நெற்றியில் கட்டிய விளக்குதான் அங்குள்ள அணிகருவி. இரு கைகளையும் அது வேலைக்கு விட்டுவிடுகிறது. பட்டைக்கு அடியிலுள்ள வளர்படையைத் தொடாமல் ஏறத்தாழ 1 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். ஆழம் கூடினால் மரம் புண்படும், குறைந்தால் பால் குறையும். ஆழத்தை அளந்து மணிக்கட்டில் அதிர்ந்து சொல்லும் பட்டை என்ற யோசனை எளிதில் தோன்றும். ஆனால் அந்த அதிர்வே கத்தி பிடித்த கையின் தொடுவுணர்வை மழுக்கும். சொல்ல வேண்டுமானால் இடுப்பில் சொல்லலாம்: ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இடுப்புப் பட்டையின் அதிர்வு வடதிசையை உணர்த்தியது. காலடிப் பாம்பைக் காட்டும் வெப்ப உணரியும் கவர்ச்சியான யோசனைதான். பாம்பின் உடற்சூடு சுற்றுப்புறத்தை ஒட்டியே இருப்பதால் அதை நம்ப முடியாது.

இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. வியர்வையில் அணிந்த பட்டை வழுக்கும், ஈரம் மின்சுற்றுக்குள் இறங்கும். குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் அணிந்து பார்த்த முடிவுகளை விட்டுவிட்டு, ஒரு வெட்டுப் பருவம் முழுவதும் தொழிலாளர் அணிந்து உழைத்த முடிவுகளை வடிவமைப்பாளர்கள் காட்ட வேண்டும். கருவியைத் தொழிலாளர் கழற்றி வைத்த நாட்களையும் சேர்த்து.