கறுப்பு நிறம் வயதைச் சொல்லுமா?



இத்தாலியில் மோடெனா என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே ஒரு கடையில் இரண்டு புட்டிகளைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருப்பது பால்சாமிக் வினிகர்; அதாவது, திராட்சையிலிருந்து செய்யும் ஒரு வகைக் காடி. இரண்டும் கறுப்பு. இரண்டிலும் புளிப்போடு இனிப்பும் உண்டு. ஆனால் ஒன்றின் விலை மற்றதைப்போலப் பல மடங்கு! ஏன்?

விலை உயர்ந்தது மரபுவழி வகை. அதில் சேரும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: காய்ச்சிய திராட்சைச் சாறு. அதிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதியை ஈஸ்ட்டுகள் ஆல்கஹாலாக மாற்றுகின்றன. பாக்டீரியாக்கள் ஆக்சிஜனின் துணையோடு அந்த ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்குகின்றன. பிறகு, பரணில் வரிசையாக வைத்த மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டுகள் அது முதிர வேண்டும். கோடை வெப்பத்தில் மரத்தின் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. ஆண்டுக்கொரு முறை கடைசிச் சிறு பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, குறைந்ததை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்புகிறார்கள்.

பீப்பாய்கள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கனசதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்குங்கள். கன அளவு எட்டில் ஒன்றாகும்; மேற்பரப்போ நான்கில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் பரப்பு இரு மடங்காகிறது. மரத்தோடு உறவும் கூடுகிறது.

மலிவான வகையில் திராட்சைச் சாற்றோடு சாதாரண ஒயின் வினிகரையும் கலக்கிறார்கள். 'மோடெனா பால்சாமிக் வினிகர்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் பாதுகாப்பு அளித்தது. அந்த விதிப்படி இதற்கு 60 நாட்கள் போதும். நிறத்துக்காக 2 விழுக்காடு வரை கேரமலும் சேர்க்கலாம்.

அப்படியானால் மலிவானது மோசமா? இல்லை என்பதே என் கருத்து. காய்கறிக் கலவையில் ஊற்ற அதுவே போதும். விலை உயர்ந்ததைக் கொதிக்கும் குழம்பில் ஊற்றினால், பல்லாண்டுகள் சேர்த்த மணம் ஆவியோடு போய்விடும். அது வீண்.

தவறு வேறிடத்தில் இருக்கிறது. கறுப்பையும் கெட்டித்தன்மையையும் பார்த்தே, "இது பழையது, உயர்ந்தது" என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அம்மா வெல்லப்பாகு காய்ச்சும்போது கவனியுங்கள். சில நிமிடங்களில் அது கறுத்துக் கெட்டியாகிறது. அதற்கு வயது ஏது? 'பால்சாமிக்' என்ற சொல்லும் சான்றாகாது. அந்தச் சொல் தனியாக நின்றால் யாருக்கும் உரிமையானதல்ல என்று 2019-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

எந்தப் புட்டியை எடுத்தாலும் திருப்பிப் பாருங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு காலம் முதிர்ந்தது என்று படியுங்கள். விலையைப் பற்றி அதன் பிறகு பேசலாம். ஆய்வுக்கூடத்தில் செய்வதைக் கடையிலும் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.