தாய் மீனின் வாயைத் திறக்க அவசரம் வேண்டாம்

முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும் மீன் நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. குளத்து ஜிலேபிக் கெண்டை செய்வதும் அதுவே. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த வண்ணச் சிக்லிட் மீன்களும் இவ்வினமே. சிமெண்டுத் தொட்டியில் இவற்றை வளர்த்து உபவருமானம் தேடுவோரில் சிலர், பத்தாம் நாளே தாயைப் பிடித்து வாயைத் திறந்து உதறிவிடுகிறார்கள். மஞ்சள் கரு தீராத குஞ்சுகள் நீந்த முடியாமல் அடியில் கிடந்து மடிகின்றன. முட்டையை ஓயாமல் உருட்டும் கருவி உள்ளவர் செய்யட்டும். ஒன்றிரண்டு தொட்டிக்காரருக்கு அது நஷ்டமே என்பது என் கருத்து.

தாடை புடைத்து, தீனி எடுக்காமல் ஒதுங்கும் தாயை இருட்டியபின் டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய வலையால் எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய தனித்தொட்டியில் விடவேண்டும். மறைவுக்கு உடைந்த மண்சட்டி போதும். துரத்தினால் முட்டையைத் துப்பும், விழுங்கியும் விடும். சுமார் 3 வாரத்தில் தானே குஞ்சுகளை வெளியிடும். மறுநாள் தாயை அகற்றிவிட்டு, குஞ்சுகளுக்குப் பொடித்தீவனத்தைச் சிறுகச் சிறுக, நாளைக்கு நாலைந்து முறை தூவலாம்.

தாயை மட்டும் உடனே ஆண்மீனிடம் விடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பு, அதன் துரத்தலைத் தாங்காது. ஒரு வாரமாவது தனியே தீனி போட்டுத் தேற்றியபின் விடுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. அடுத்த ஈட்டுக்குத் தாயே இருப்பதில்லை.